தயிர்சாதத்தைத் தொடாத பையனுக்கு ஐம்புலன் அட்டை எதற்கு?

கேள்வி: சேலம் அம்மாப்பேட்டையில் இருக்கிறோம். பையனுக்கு இரண்டு வயது மூன்று மாதம். ஜூனில் பிளே ஸ்கூல் சேர்க்கலாம் என்று விசாரித்தபோது, "ஐம்புலன்கள் எல்லாம் வீட்டிலேயே கொஞ்சம் சொல்லிக் கொடுத்து அனுப்புங்கள்" என்றார்கள். சுவரில் மாட்டும் அட்டை வாங்கி, கண்ணால் பார்க்கிறோம், காதால் கேட்கிறோம் என்று தினமும் சொல்கிறேன். இரண்டு நிமிடம் உட்காருவதில்லை. கோவையில் இருக்கும் நாத்தனார் மகன் இவனைவிட நான்கு மாதம்தான் பெரியவன், எல்லாவற்றையும் ஒப்பிக்கிறான். ஆன்லைனில் 'சென்சரி கிட்' ஒன்று வாங்கியிருக்கிறேன். தண்ணீரில் ஊறும் கலர் மணிகள், மணல், வாசனைப் பாட்டில்கள் இருக்கின்றன. அதெல்லாம் எதற்கு, பூஜை அறைக்குக் கூட்டிப் போய்க் கற்பூரத்தை மோந்து பார்க்க வை என்கிறார் மாமியார். கீழ்வீட்டில் விசைத்தறி ஓடுகிறது. அந்தச் சத்தத்தால் பேச்சு தாமதமாகிறதோ என்று பயமாக இருக்கிறது; ஒற்றை வார்த்தைகள்தான் அதிகம், சேர்த்துப் பேசுவது குறைவு. பிசுபிசு என்று எதைத் தொட்டாலும் அழுகிறான், தயிர்சாதத்தில் கை வைக்க மாட்டான். அடுத்த வாரம் ஏற்காடு போகிறோம். அங்கே அவனுக்கு என்ன சொல்லிக் கொடுக்கலாம்?

பதில்:

முதலில் அந்தக் கலர் மணிகளை அப்புறப்படுத்துங்கள். பாக்கெட்டைப் பிரிக்கவில்லை என்றால் பிரிக்கவே வேண்டாம். பிரித்துவிட்டீர்கள் என்றால் கட்டிலுக்கு அடியில் உருண்டு போனது வரை ஒன்றுவிடாமல் பொறுக்கி, பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். கடுகு அளவில் இருப்பது தண்ணீரில் ஊறினால் கோலிக்குண்டு அளவுக்கு வரும். குழந்தை விழுங்கினால் குடலுக்குள்ளும் அதே மாதிரி ஊதும். அடைத்துக்கொண்டால் அறுவை சிகிச்சை வரை போகலாம். சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாது என்பதால், வாந்தி எடுக்கும் குழந்தைக்கு என்ன ஆனது என்று கண்டுபிடிப்பதே தாமதமாகிவிடும். 'பெரியவர்கள் மேற்பார்வையில் மட்டும்' என்று பெட்டியில் அச்சிட்டிருப்பார்கள். அடுப்பில் குக்கர் விசில் அடித்ததும் எழுந்து ஓடுகிற வீடுகளில் அந்த வரியால் ஒரு பயனும் இல்லை. வாசனைப் பாட்டில்களில் என்ன ஊற்றியிருக்கிறார்கள் என்று எழுதியிருக்காவிட்டால் அவையும் கூடவே போகட்டும்.

அடுத்தது கற்பூரம். மாமியார் சொல்வதில் பாதியை நானும் ஏற்கிறேன். கடையில் வாங்கிய வாசனையைவிடப் பூஜை அறையில் இருக்கும் சந்தனம், மல்லிகை, வாழைப்பழம், அரைத்த மஞ்சள் எல்லாம் எவ்வளவோ மேல். கற்பூரம் மட்டும் கூடாது. பார்க்கக் கற்கண்டு மாதிரி இருப்பதால் குழந்தைகள் வாயில் போட்டுக்கொள்வார்கள். சிறிய துண்டு விழுங்கினாலே சில நிமிடங்களில் வலிப்பு வரலாம். சளிக்காக நெஞ்சில் தேய்ப்பது, மூக்கின் அருகே காட்டுவது, நீலகிரித் தைலம் கலந்து தடவுவது எதுவும் இந்த வயதில் வேண்டாம். அலமாரியில் வைக்கும் அந்துருண்டைக்கும் இதே எச்சரிக்கைதான். ஒருவேளை விழுங்கிவிட்டால், வாய்க்குள் விரல் விட்டு வாந்தி எடுக்க வைக்காமல் நேராக மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள், மிச்சம் இருக்கும் வில்லையையும் கையோடு எடுத்துப் போங்கள். கற்பூர டப்பாவை எட்டாத உயரத்தில் வைக்கும் பொறுப்பை மாமியாரிடமே கொடுத்துவிட்டால் வீட்டில் சண்டையும் வராது.

சரி, இப்போது அட்டைக்கு வருவோம்.

உங்கள் பையன் பிறந்த அன்றே உங்கள் பால் வாசனையை அடையாளம் கண்டவன். வயிற்றுக்குள் இருந்தபோதே உங்கள் குரலைக் கேட்டவன். புலன்களைப் பயன்படுத்த அவனுக்கு நாம் எதுவும் கற்றுத் தர வேண்டியதில்லை. அட்டை அவனிடம் கேட்பது வேறு வேலை. பார்ப்பது, கேட்பது என்று தன் அனுபவங்களை வகை பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் உறுப்பைப் பொருத்தச் சொல்கிறது. "மூக்கு எங்கே?" என்றால் இரண்டு வயதில் தொட்டுக் காட்டுவான். "எதால மோந்து பார்க்கிறே?" என்ற கேள்விக்குப் புரிந்து பதில் வர மூன்று, மூன்றரை வயதாவது ஆகும். நாத்தனார் மகன் ஒப்பிக்கிறான் என்றால் அவனுக்குப் பாட்டு மனப்பாடம் ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். அதுவும் நல்ல திறமைதான். அதைப் புலன் அறிவு என்று எடுத்துக்கொண்டு உங்கள் பையனை ஒப்பிட வேண்டாம். இதை நாத்தனாரிடம் நிரூபிக்கவும் கிளம்பிவிடாதீர்கள்.

இன்னொன்று. அந்த அட்டையில் நாக்கின் படம் போட்டு, நுனியில் இனிப்பு, பின்னால் கசப்பு என்று கோடு பிரித்திருக்கிறதா பாருங்கள். அது தவறு. 1901இல் வந்த ஒரு ஜெர்மன் ஆய்வைப் பின்னால் வந்தவர்கள் பிசகாகப் புரிந்துகொண்டதில் பிறந்த படம் அது. நாக்கில் சுவை மொட்டுகள் இருக்கும் எல்லா இடத்திலும் எல்லாச் சுவையும் தெரியும். நம் பள்ளிகளில் இன்னும் அந்தப் படத்தைத் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

அட்டைக்குப் பதிலாகச் செய்ய வேண்டியது ஒன்றுதான்: அவன் எதைத் தொடுகிறானோ, எதைக் கேட்டுத் திரும்புகிறானோ, அந்த நொடியில் அதற்கான வார்த்தையை நீங்கள் சொல்ல வேண்டும். அவன் நிலைக்கதவைத் தடவும்போது "சொரசொரன்னு இருக்கா?" என்று கேட்டால் அந்த வார்த்தை அவன் விரலோடு ஒட்டிக்கொள்ளும். அதே வார்த்தையை, அவன் பந்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கையைப் பிடித்து இழுத்து வந்து சொன்னால் ஒட்டாது. அவன் பார்வை போகிற பக்கம் நீங்கள் போக வேண்டும். வழவழ, கொழகொழ, மொறுமொறு, ஜில்லுன்னு என்று நம் பேச்சில் கொட்டிக் கிடக்கிறது. வழவழ, கொழகொழ மாதிரி ஒரே ஒலி இரண்டு முறை வரும் வார்த்தைகளைச் சின்னக் குழந்தைகள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு கொஞ்சம் காத்திருங்கள். பெற்றோருக்கு வராதது இந்தக் காத்திருப்புதான். "இது என்ன? இது என்ன கலர்?" என்று அடுத்தடுத்துக் கேட்டால் வீட்டிலேயே தேர்வு எழுதுகிற மாதிரி ஆகிவிடும், குழந்தை எழுந்து ஓடத்தான் செய்வான்.

உங்கள் கடிதத்தில் நான் அதிகம் யோசித்தது தறியைப் பற்றிய வரியில்தான். கேட்டது நல்லது. நம் ஊரில் அம்மாப்பேட்டை, பொன்னம்மாப்பேட்டை, குகை பக்கம் வசிக்கும் பலர் அந்தச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்ததால் அதைச் சத்தமாகவே கணக்கில் எடுப்பதில்லை.

இதில் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, சத்தத்தால் காது பழுதாவது. 85 டெசிபல் சத்தத்தில் தினம் எட்டு மணி நேரம் வேலை செய்கிற பெரியவர்களின் காதே வருடக்கணக்கில் மந்தமாகும். விசைத்தறிக் கூடத்துக்குள் சத்தம் பெரும்பாலும் இதைத் தாண்டியிருக்கும். உங்கள் வீட்டில் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள எளிய வழி: தறி ஓடும்போது, கை நீட்டினால் தொடும் தூரத்தில் நிற்பவரிடம் சாதாரணக் குரலில் பேசுங்கள். குரலை உயர்த்தாமல் பேச முடிந்தால் காதுக்குப் பெரிய ஆபத்து இல்லை. கத்தித்தான் பேச வேண்டியிருக்கிறது என்றால் குழந்தை பகலில் அதிக நேரம் இருக்கும் அறையை மாற்றுங்கள். எப்படியிருந்தாலும், வேடிக்கை காட்டுகிறேன் என்று அவனைத் தறிக்கூடத்துக்குள் தூக்கிப் போக வேண்டாம்.

இரண்டாவது, பேச்சு அமுங்கிப் போவது. மாடி வீட்டில் காது பழுதாகாமல் இருக்கலாம், ஆனால் வார்த்தைகள் முழுசாகப் போய்ச் சேராது. "பாப்பாவுக்குப் பசிக்குதா" என்று சொன்னதில் பாதி அமுங்கினாலும் உங்கள் கணவருக்குப் புரிந்துவிடும், ஏனென்றால் அவருக்குத் தமிழ் தெரியும், விட்ட இடத்தை நிரப்பிக்கொள்வார். மொழியையே இப்போதுதான் கற்றுக்கொள்கிற குழந்தையால் அப்படி நிரப்ப முடியாது. அதனால் பேசும்போது அடுப்படியிலிருந்து குரல் கொடுக்காமல், கிட்டே போய், உட்கார்ந்து, அவன் முகத்துக்கு நேராகப் பேசுங்கள். யாரும் பார்க்காமல் ஓடும் டிவியை நிறுத்துங்கள். தறியை உங்களால் நிறுத்த முடியாது, டிவியை முடியும். தெருப்பக்க ஜன்னலுக்குத் தடிமனான திரை, தரையில் ஜமுக்காளம் இருந்தால் அறைக்குள் எதிரொலி குறையும்.

தறியையே பாடமாகவும் ஆக்கலாம். சாப்பாட்டு நேரத்துக்கோ கரண்ட் போனாலோ தறி சட்டென்று நிற்கும் அல்லவா? அந்த நொடியில் கண்ணை விரித்து, "டக் டக் போச்சு!" என்று மெதுவாகச் சொல்லுங்கள். திரும்ப ஓடத் தொடங்கும்போது "டக் டக் வந்துருச்சு!" கொஞ்ச நாளில் அவனே சொல்லிவிடுவான். "போச்சு", "வந்துருச்சு" சேர்ந்ததால் இரண்டு வார்த்தை வாக்கியமும் ஆகிவிட்டது பாருங்கள். தறி நின்றிருக்கும் நேரத்தில்தான் மற்ற சத்தங்கள் அவன் காதில் விழும்: கடுகு வெடிப்பது, அணில் கத்துவது, பால்காரர் மணி, பாட்டி மூச்சு வாங்கிக்கொண்டு படியேறி வருவது. அந்த நேரத்தைப் பேச்சுக்கென்று ஒதுக்கிவிடுங்கள்.

இது எல்லாவற்றுக்கும் முன்னால் காதைச் சோதித்துவிடுங்கள். இரண்டு வயது நிறையும்போது சுமார் ஐம்பது வார்த்தைகளும், "அம்மா வா", "பால் வேணும்" என்று இரண்டைச் சேர்த்துச் சொல்வதும் இருக்க வேண்டும். உங்கள் பையனுக்குச் சேர்த்துப் பேசுவது குறைவு என்கிறீர்கள். பயப்பட வேண்டியதில்லை, சோதனையைத் தள்ளிப் போடவும் வேண்டாம். சளி பிடித்து விட்ட பிறகு செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக்கொள்வது இந்த வயதில் மிகவும் சகஜம். வலி இருக்காது, சீழ் வராது. காது மட்டும் மந்தமாகும். கூப்பிட்டால் சில சமயம் திரும்புவான், சில சமயம் திரும்பமாட்டான், வீட்டில் "பிடிவாதம்" என்பார்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டலாம், உங்கள் குழந்தை மருத்துவர் அனுப்பும் இடத்திலும் பார்க்கலாம். பிறந்தபோது செய்த காதுச் சோதனையின் சீட்டு இருந்தால் எடுத்துப் போங்கள். அன்று சரியாக இருந்தது என்பது இன்றைக்குப் போதாது. முன்பு சொன்ன வார்த்தைகளை இப்போது சொல்வதில்லை என்றாலோ, விரல் நீட்டிக் காட்டுவதில்லை, பேர் சொல்லிக் கூப்பிட்டால் முகம் பார்ப்பதில்லை என்றாலோ பிளே ஸ்கூல் திறக்கும்வரை காத்திருக்காமல் உடனே வளர்ச்சிப் பரிசோதனைக்கு வர வேண்டும்.

தயிர்சாதம். பிசுபிசுப்பைத் தொட மறுக்கும் குழந்தைகள் நிறையப் பேர். கையைப் பிடித்துத் தட்டில் அழுத்தினால் பயம்தான் கூடும். எந்த நேரமும் துடைத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை அவனுக்கு வர வேண்டும். அதனால் விளையாட்டின்போது ஈரத்துணி ஒன்று அவன் கைக்கெட்டும் இடத்திலேயே கிடக்கட்டும். உலர்ந்ததிலிருந்து ஈரத்துக்கு ஒவ்வொரு படியாகப் போகலாம். அதற்கு நம் ஊர் ஜவ்வரிசியைவிட நல்ல பொருள் எனக்குத் தெரியவில்லை. காய்ந்த ஜவ்வரிசியைப் பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு மூடியை இறுக்கி, மேலே டேப் சுற்றிக் கொடுங்கள். ஆட்டினால் கலகல என்று சத்தம் வரும். திறந்த தட்டில் காய்ந்த மணியாகக் கொடுக்கக் கூடாது, மூக்கில் போட்டுக்கொண்டால் ஈரத்தில் ஊறி எடுக்கச் சிரமமாகும். கொஞ்சத்தை அவன் கண்ணெதிரே தண்ணீரில் ஊறவைத்து, நன்றாக மெத்தென்று ஆன பிறகு ஒரு கரண்டியோடு கொடுங்கள். முதல் நாள் கரண்டியால் மட்டும் அள்ளட்டும். பிறகு என்றாவது ஒரு விரல் நுனி படும். கடைசியில் வேகவைத்து ஆறியது: வெள்ளை போய்க் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டதைப் பார்ப்பான், கொழகொழ என்பதைத் தொடுவான், வெல்லம் போட்டால் சாப்பிடவும் செய்வான். வாயில் போட்டாலும் பரவாயில்லை என்பதே இதன் பெரிய வசதி. இதற்கு ஒரு வாரமும் ஆகலாம், இரண்டு மாதமும் ஆகலாம். சந்தையில் மரவள்ளிக்கிழங்கு வாங்கும்போது மண்ணோடு தொட்டுப் பார்க்கக் கொடுங்கள், "இதுலதான் ஜவ்வரிசி பண்றாங்க" என்று சொல்லுங்கள். பச்சைக் கிழங்கைக் கடிக்க மட்டும் விடாதீர்கள், அதில் நச்சுத்தன்மை உண்டு.

பிசுபிசுப்போடு சேர்த்து, நகம் வெட்ட, தலைக்கு ஊற்ற, புதுச் சட்டை போட எல்லாவற்றுக்கும் அலறுகிறான், நாலைந்து உணவைத் தவிர எதையும் வாயில் வைப்பதில்லை என்றால் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (சாப்பிடுவது, உடுத்துவது போன்ற அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தரும் நிபுணர்) ஒருவரிடம் காட்டுவது நல்லது. தயிர்சாதம் மட்டும்தான் என்றால் கரண்டி கொடுத்துவிட்டு நிம்மதியாக இருங்கள்.

சுவைக்குத் தனியாக எதுவும் செய்ய வேண்டாம், மாம்பழ சீசன் வந்துவிட்டது. மல்கோவா ஒரு நாள், குண்டு ஒரு நாள், புளிக்கிற மாங்காய்க் கீற்று ஒன்றை நக்கிப் பார்த்து முகத்தைச் சுளிப்பது ஒரு நாள். சுளித்தால் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். புது உணவைக் குழந்தை ஏற்றுக்கொள்ளப் பத்துப் பதினைந்து முறை கூடத் தட்டில் வர வேண்டியிருக்கும். கண்ணுக்கும் அப்படித்தான்: வெளிச்சம், நிழல், மொட்டை மாடி போதும். இரண்டு வயதுக்கு மேல் திரை நேரம் ஒரு நாளைக்கு அதிகபட்சம் ஒரு மணி நேரம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல். குறைந்தால் இன்னும் நல்லது. ஐம்புலன் பாட்டு வீடியோவும் அந்த ஒரு மணிக்குள்தான் வரும்.

அட்டையில் இல்லாத இரண்டு புலன்களைச் சொல்லியாக வேண்டும். உள்காதில் இருந்துகொண்டு, நாம் சாய்கிறோமா, சுழல்கிறோமா என்று சொல்வது ஒன்று. தசையிலும் மூட்டிலும் இருந்துகொண்டு, கை கால் எங்கே இருக்கிறது, எவ்வளவு பலம் போட வேண்டும் என்று சொல்வது இன்னொன்று. தூளியில் ஆடியது, இடுப்பில் உட்கார்ந்து வந்தது எல்லாம் முதலாவதற்குத் தீனி. அரை லிட்டர் தண்ணீர்ச் சொம்பைத் தூக்கி வருவது, தலையணையைத் தள்ளுவது, சப்பாத்தி மாவைக் குத்துவது இரண்டாவதற்கு. ஓடிக்கொண்டே இருக்கிற குழந்தைகள் இப்படிக் கனமான வேலை செய்த பிறகு கொஞ்ச நேரம் தானாக உட்காருவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மாவுக்குப் பயந்தால் துணியைப் பிழியக் கொடுங்கள்.

பிளே ஸ்கூலில் கேட்டால், "அட்டை பார்த்துச் சொல்ல மாட்டான். ஜில்லுன்னு இருக்கு, சுடுது, போச்சு, வந்துருச்சு சொல்ல ஆரம்பித்திருக்கிறான்" என்று சொல்லுங்கள். இரண்டு வயதுக் குழந்தையிடம் அதற்கு மேல் எதிர்பார்த்து வாசலிலேயே தேர்வு வைக்கிற இடமாக இருந்தால், வேறு இரண்டு இடங்களையும் விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது.

இனி ஏற்காடு. சொல்லிக் கொடுக்க என்று ஒன்றும் எடுத்துப் போக வேண்டாம். படகு, லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட், பூங்கா என்று ஒரே நாளில் அடுக்கினால் மாலையில் அழுகைதான் மிஞ்சும். கூட்டம் இல்லாத ஓர் இடத்தில் ஒரு மணி நேரம் இறக்கிவிடுங்கள். சுமார் 1,500 மீட்டர் உயரம், கீழே நம் ஊரைவிட ஏழெட்டு டிகிரி குறைவு; வண்டியை விட்டு இறங்கியதும் அவன் கன்னத்துக்கே அது தெரியும். "ஜில்லு" என்று சொல்ல அதைவிட நல்ல தருணம் கிடையாது. மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரத்தின் பட்டையைத் தடவட்டும். ஆரஞ்சு இலை ஒன்றைக் கசக்கி மூக்கருகே காட்டுங்கள். கோடை மழை பெய்த பத்து நாளில் காப்பிச் செடி பூத்திருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். மல்லிகை மாதிரி மணக்கும், இரண்டு மூன்று நாளில் உதிர்ந்துவிடும். தோட்டத்தில் மருந்து அடித்திருக்கிறார்களா என்று கேட்டுவிட்டு உள்ளே போங்கள். பழத்தைப் பறித்து வாயில் வைக்க வேண்டாம்.

மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். கண் சொல்வதும் உள்காது சொல்வதும் ஒத்துப் போகாதபோதுதான் குமட்டல் வரும், அது இரண்டு வயதில்தான் தொடங்கும். அழாமல் இருக்கட்டும் என்று கையில் போனைக் கொடுத்தால் கண் அசையாத படத்தைப் பார்க்கும், காது வளைவைச் சொல்லும். பாதி வளைவு தாண்டுவதற்குள் வாந்தி நிச்சயம். முன் பக்க ஜன்னல் ஓரம் உட்கார்ந்து தூரத்து மலையைக் காட்டிக்கொண்டே போங்கள். கிளம்பும் முன் ஒரு இட்லி போதும், பால் வேண்டாம். ஏறும்போதும் இறங்கும்போதும் அடிக்கடி ஒரு வாய் தண்ணீர் கொடுத்தால் காது அடைக்காது. சளி இருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். மாற்றுத் துணி இரண்டு செட் எடுத்துக்கொள்ளுங்கள்: அவனுக்கு ஒன்று, அவனை மடியில் வைத்திருப்பவருக்கு ஒன்று.